அரை முட்டை எடை

அண்ணன் வரைந்த விமானத்தைக் காகிதத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது தம்பியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்னால் ஓர் இறக்கை, பின்னால் அதே நீளத்தில் இன்னோர் இறக்கை, நடுவில் குச்சி மாதிரி ஓர் உடம்பு. வால் என்று சொல்லிக்கொள்ளப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு துடுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"என்னண்ணா இது, துணி காயப்போடற ஸ்டாண்டா?"

"சிரிடா, நல்லா சிரி. அது பறக்கும்போது வாயைப் பொத்திக்கிட்டு நிப்பே பாரு."

சொன்னபோது அண்ணனின் வலது கை மேஜைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் போடவில்லை, அதுவாகப் போட்டது. பென்சிலை எடுத்து விரல்களுக்கு நடுவே திணித்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. அந்தக் கையின் குணம் அப்படி. வேலை கொடுத்தால் சும்மா இருக்கும், சும்மா விட்டால் ஆடும். அதனால் அண்ணன் எந்நேரமும் எதையாவது பிடித்துக்கொண்டே இருந்தார்: சாவிக்கொத்து, நாற்காலிக் கை, சில சமயம் தன் சட்டைப் பொத்தானையே.

அண்ணன் பல் செட் செய்பவர். இருபத்தெட்டு வருஷம் யார் யார் வாய்க்கோ மெழுகில் பல் வைத்துப் பார்த்து, செதுக்கி, மெருகேற்றிக் கொடுத்தவர். தெருவில் யாராவது வாய் நிறையச் சிரித்தால், "மேல் வரிசை நம்ம வேலை" என்று தம்பியின் காதைக் கடிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும், கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டுவதுபோல் உரச ஆரம்பித்தன. டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், நிஜ மாத்திரை கொடுத்தார், இது போகாது, வேகமாகக் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பல் செட் செய்யும் கூடத்தில் அண்ணனை மெழுகு மேஜையிலிருந்து வாசல் மேஜைக்கு மாற்றினார்கள். இப்போது ஃபோன் எடுக்கிறார், பார்சலில் விலாசம் ஒட்டுகிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அப்படிச் சொல்லாததுதான் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

மிச்சம் இருந்தது விமானம் ஒன்றுதான். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களை அண்ணன் தானே வரைந்து, தானே வெட்டி, தானே ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே மாதிரி விமானச் சங்கத்து மைதானத்துக்குப் போகாவிட்டால் அந்த வாரமே அவருக்கு ஓடாது. அங்கேயும் கை காட்டிக்கொடுத்தது. மழைக்காலத்தில் ஒன்று வேலியில் விழுந்தது. அடுத்தது சங்கச் செயலாளரின் கார் கண்ணாடியிலேயே இறங்கியது.

செயலாளர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் இல்லாமல் குளிக்கக்கூடப் போகமாட்டார் என்று பேச்சு; அதனால் அவர் பெயரே விசில் ஆகிவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை. கண்ணாடிக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கமிட்டி கூடி முடிவெடுத்ததை அவர்தான் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"கமிட்டி முன்னாடி ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. ரெண்டு ரவுண்டு, அப்புறம் மெதுவா ஒரு ரவுண்டு, அப்புறம் இறக்கணும். எல்லாம் சரியா இருந்தா இங்க ஓட்டுறதுக்கான கார்டு உங்ககிட்டயே இருக்கும். இல்லேன்னா..." விசில் விசிலைத் தடவிக்கொண்டார். "இல்லேன்னாலும் நீங்க தாராளமா வரலாம். உக்காந்து பாக்கலாம்."

உட்கார்ந்து பார்க்கலாம் என்ற அந்த ஒரு சொல் அண்ணனைச் சுட்டுவிட்டது. மறுநாள் சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு அந்தத் துணி ஸ்டாண்டைக் காட்டினார்.

தம்பிக்கு விமானத்தில் அ, ஆ தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் பிழைப்பு லிஃப்ட். பதினாறு வருஷமாக லிஃப்ட் மாட்டுகிறான், பழுது பார்க்கிறான். ஒற்றை ஆள். அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தான். சாவி ஒன்று அவனிடமும் உண்டு. அண்ணனுக்கு ரிமோட் பிடிப்பது எப்படியோ, தம்பிக்கு அண்ணன் பக்கத்தில் நிற்பது அப்படி. அவனிடமும் ஒரு பழைய ஃபோம் விமானம் இருந்தது. அதை ஓட்டினானோ இல்லையோ, ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அண்ணனோடு போய்விடுவான்.

"ரெண்டு இறக்கையும் சுமக்கும்," என்று அண்ணன் விளக்கினார். "சாதா விமானம் வேகம் கொறஞ்சா பொத்துன்னு ஒரு பக்கமா சாஞ்சு விழும். அதைச் சமாளிக்கக் கை சட்டுனு வேலை செய்யணும். எனக்கு அது இல்ல. இதுல என்னன்னா, முன் இறக்கையை ரெண்டு டிகிரி கூடத் தூக்கி வைக்கிறேன். வேகம் கொறஞ்சா முன் இறக்கைதான் மொதல்ல களைச்சுப்போகும். அப்ப மூக்கு தானா தாழும். தாழ்ந்தா வேகம் வரும். வேகம் வந்தா மறுபடி பறக்கும். நான் ஒண்ணுமே பண்ண வேண்டாம். கையை எடுத்துட்டாக்கூட அதுவே பாத்துக்கும்."

"பின் இறக்கை மொதல்ல களைச்சா?"

"அது மட்டும் ஆகவே கூடாது," என்றார் அண்ணன்.

அடுத்த மூன்று மாதம் அண்ணன் வீட்டுப் பின்னறை பட்டறையாகிவிட்டது. தரையெல்லாம் ஃபோம் தூள். அண்ணி நூலக வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே அந்த அறையைத் தாண்டிப் போவாள். கேட்டால், "உள்ள பனி பெய்யுது" என்பாள். இறக்கை வந்து உட்காரும் இடம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க, பல் கடிப்பு பார்க்கும் நீலத்தாளை இடையில் வைத்து அழுத்தி எடுப்பார் அண்ணன். நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டச் சொல்வார். சுரண்டுவது தம்பி. வெட்டுவது, ஒட்டுவது, வயர் பற்றவைப்பது எல்லாம் தம்பி. கணக்கும் கோடும் அண்ணனுடையவை. முன் இறக்கை தாழ, பின் இறக்கை நான்கு விரற்கடை உயர. அப்போதுதான் முன்னது கலக்கிவிட்ட காற்று பின்னதன் அடியில் போகும். பிடிவாதமாக மூன்று தடவை மாற்ற வைத்தார். மூன்றாம் தடவை தம்பி பிளேடைக் கீழே போட்டான்.

"நீ பல் கட்டிக் கொடுத்தவங்கல்லாம் எப்படிண்ணா உன்கிட்ட உயிரோட தப்பிச்சாங்க?"

"அவங்க வாயை நான் தெறக்க வச்சிருந்தேன். பேச முடியாது."

பெரியதைக் கட்டுவதற்கு முன்னால் உள்ளங்கை நீளத்தில் குட்டி விமானம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். தம்பி லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடம் ஒன்றில் நான்காம் மாடி நடைபாதை காலியாகக் கிடந்தது. ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. சிமெண்ட் வாசனை போகவில்லை. ஞாயிறு மதியம் அங்கே போய் எறிந்து பார்த்தார்கள். மெதுவாக எறிந்தால் குட்டி விமானம் மூக்கைத் தாழ்த்தி, சமாளித்து, மறுபடி நிமிர்ந்து, நடைபாதையின் கோடி வரைக்கும் போய்த் தரையைத் தடவி நின்றது. அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

பிறகு காகித கிளிப் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் மாட்டச் சொன்னார். "இப்ப எறி."

எறிந்ததும் அது மூக்கைத் தூக்கியது. தூக்கிக்கொண்டே போய், நடுவழியில் அப்படியே நின்று, தட்டையாகச் செருப்பு மாதிரி விழுந்தது.

"பாத்தியா? ஒரு கிளிப்பு. பின்னால கனம் கூடினா பின் இறக்கை மொதல்ல கையை விட்டுடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் மூக்கைக் கீழ கொண்டுவர முடியாது. என் கையும் ஒண்ணுதான், நல்ல கையும் ஒண்ணுதான்."

தம்பி பார்த்தான். தன் கண்ணால் பார்த்தான். பிற்பாடு அவனை அரித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

விமானம் முடிந்தது. மூக்கில் ஈயத்தை, சொத்தைப் பல்லை அடைப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துச் சமநிலை பார்த்தார்கள். உடம்பின் இரண்டு பக்கமும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் தராசு மாதிரி நேராக நிற்க வேண்டும். அந்த விரல் வேலையை இருபது வருஷமாக அண்ணன்தான் செய்துவந்தார். இப்போது அவர் விரலில் வைத்தால் விமானம் ஊஞ்சலாடியது. நிற்கிறதா சாய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. "நீ தூக்குடா" என்று தம்பியிடம் கொடுத்துவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது ஆடாமல் அசையாமல் நின்றது.

"சரியா இருக்கு," என்றான் தம்பி. உண்மை.

அந்த வாரத்தில்தான் அண்ணி அவனை வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்தாள். வழக்கமாக வரமாட்டாள்.

"தம்பி, இது விழுந்துச்சுன்னா உங்க அண்ணன் எழுந்திருக்க மாட்டார். பல் வேலை போனப்போ கூட நான் பயப்படல. இதுக்குப் பயமா இருக்கு. என்ன பண்ணுவீங்களோ தெரியாது, நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் இருக்கேன் அண்ணி," என்றான். அவன் வாயிலிருந்து வேறென்ன வரும்?

லிஃப்ட்காரன் மூளை லிஃப்ட்காரன் மூளைதான். அவன் தொழிலில் ஒரு பிரேக்கை நம்பமாட்டார்கள். பிரேக்குக்கு ஒரு பிரேக், அது போனால் தண்டவாளத்தைக் கவ்வும் கவ்வி, அதுவும் போனால் குழியில் ஸ்பிரிங். பாதுகாப்பு எவ்வளவு கூடினாலும் நல்லதுதான், கூடிப்போய் யாரும் செத்ததில்லை என்று பழகியவன். அவன் யோசித்து, ஒரு பொருளை வாங்கி வந்தான். இரண்டாவது ரிசீவர், அதோடு தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. விமானத்துக்குள் வைத்துவிட்டால் அது அண்ணனின் ரிமோட் சொல்வதைக் கேட்கும். தம்பி தன் ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் அந்த நொடியிலிருந்து தம்பி சொல்வதைக் கேட்கும். அண்ணன் கை தடுமாறினால் இவன் பிடித்துக்கொள்வான். அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. விமானம் இறங்கும், கார்டு கிடைக்கும், அண்ணி நிம்மதியாகத் தூங்குவாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணனும் அண்ணியும் டாக்டரிடம் போயிருந்தபோது சாவி போட்டு உள்ளே போனான். மூக்கில் வைக்க வழியில்லை. பேட்டரி மாட்ட அண்ணன் அதைத் திறப்பார். மேலும் அங்கே ஒரு கடுகு வைக்க இடமில்லை. பின் இறக்கைக்கு அடியில், இறக்கை ஓரத்து மடல்களை அசைக்கும் மோட்டார்கள் இருக்கும் குழி ஒன்றுதான் டேப் ஒட்டி மூடியிருந்தது. அதில் வைத்தான். தராசில் நிறுத்திப் பார்த்தான்: முப்பது கிராம். அரை முட்டை எடை.

டேப்பை மறுபடி ஒட்டிவிட்டு, சிவப்புக் கோட்டில் விரலை வைத்துத் தூக்கினான். பின்பக்கம் மெதுவாக, மரியாதையாக, கீழே இறங்கியது.

முன்னால் ஈயம் சேர்த்தால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். அவர் கண்ணுக்குப் பல்லிடுக்கில் மயிரிழை தப்பாது. பேட்டரியை இன்னும் முன்னால் தள்ள இடமில்லை. பெட்டியை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் அண்ணனின் கை மட்டும்தான். அந்தக் கையை நினைத்தான். கண்ணாடி உடைந்த காரை நினைத்தான். கிளிப்பையும் நினைத்தான், அது குட்டி விமானம், இது ஒன்றரைக் கிலோ, அண்ணன் எதிலும் கொஞ்சம் கூடுதலாகவே இடம் விட்டு வைப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பெட்டியை உள்ளேயே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டினான்.

ஞாயிறு காலை காற்றே இல்லை. மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலிகளில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. விசில் அட்டையில் காகிதம் செருகி வைத்திருந்தார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டு, மாத்திரையை நேரம் பார்த்து விழுங்கிவிட்டு வந்திருந்தார். இரண்டு இறக்கை விமானத்தைப் பார்க்க மற்ற உறுப்பினர்கள் கூடிவிட்டார்கள். "இது முன்னால போகுமா பின்னால போகுமா?" என்று ஒருவர் கேட்டார். "நீங்க நிக்கிற பக்கமா வராம பாத்துக்கறேன்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

பேட்டரியை மாட்டினார். மடல்களை அசைத்துப் பார்த்தார். பிறகு, எறிவதற்கு முன்னால் எப்போதும் செய்கிற காரியம். தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தம்பியிடம் சொன்னார்.

"தூக்கிப் பாருடா."

தம்பி சிவப்புக் கோட்டில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினான். பின்பக்கம் இறங்க ஆரம்பித்தது. கட்டைவிரலால் யாருக்கும் தெரியாமல் அடியில் முட்டுக் கொடுத்தான். விமானம் நேராக நின்றது. அண்ணன் விமானத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கு," என்றான்.

அண்ணன் தலையாட்டினார். மறுபேச்சு கேட்கவில்லை.

தம்பிதான் எறிந்தான். எறிந்துவிட்டு ஓடி வந்து அண்ணனுக்கு இரண்டடி பின்னால் நின்று, கழுத்தில் தொங்கிய தன் ரிமோட்டில் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டான். எல்லார் கழுத்திலும் ஒன்று தொங்கும் இடத்தில் அவன் கழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

விமானம் பறந்தது. கொஞ்சம் துறுதுறுவென்றிருந்தது, ஆனால் பறந்தது. முன் இறக்கை ஒரு நிழல், பின் இறக்கை ஒரு நிழல், புல்லின்மேல் இரண்டு பட்டையாக ஓடின. அண்ணனின் கட்டைவிரல்கள் ரிமோட்டின் குச்சிகளின்மேல் இருந்தன. பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்துவிட்டதால் அவ்வளவாக ஆடவில்லை. ஒரு ரவுண்டு. இரண்டாவது ரவுண்டில் கமிட்டியில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். தம்பி பொத்தானைத் தொடவே இல்லை. தொடத் தேவையே இல்லை. முழுக்க முழுக்க அண்ணன் கை ஓட்டியது அது.

"இப்ப மெதுவா ஒரு ரவுண்டு," என்று விசில் குரல் கொடுத்தார்.

"இதுதாங்க வேடிக்கையே," என்றார் அண்ணன். "நல்லா பாருங்க. நான் வேகத்தைக் கொறைக்கிறேன். அது தானா மூக்கைத் தாழ்த்திக்கும்."

மோட்டார் சத்தம் அடங்கியது. விமானம் மெதுவாகியது, இன்னும் மெதுவாகியது. மூக்கு தாழவில்லை. மேலே போனது.

"என்னது..." என்றார் அண்ணன். அவர் தோள் முன்னால் போவதைத் தம்பி பின்னாலிருந்து பார்த்தான். மூக்கைத் தாழ்த்தக் குச்சியை முன்னால் தள்ளுகிறார். மூக்கு இன்னும் மேலே போனது. தம்பி பொத்தானைத் தட்டினான். இப்போது விமானம் இவன் கையில். குச்சியைக் கோடி வரைக்கும் தள்ளினான். நல்ல கை, ஒரு துளி நடுக்கமில்லாத கை. தள்ளிக்கொண்டே நின்றான். நான்காம் மாடி நடைபாதையில் பார்த்ததையே வானத்தில் பார்த்தான். விமானம் நடுவழியில் நின்று, வானத்தைப் பார்த்தபடி, தட்டையாக இறங்கி வந்து விழுந்தது. அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஒரு பொருள் விழும் என்று அவன் நினைத்ததில்லை.

விசில் ஊதவில்லை.

தம்பி ஓடினான். யாரும் வருவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். உடம்பு இரண்டாக ஒடிந்து, பின் இறக்கைக்கு அடியில் டேப் பிய்ந்து, அந்தப் பெட்டி வயரோடு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. யோசிக்கவே இல்லை, பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அண்ணன் நடந்து வந்து நின்றார். உடைந்ததைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தள்ளத்தான் நெனச்சேன். தள்ளுறேன்னுதான் நெனச்சேன்டா. கை இழுத்திருக்கு போல."

"அண்ணா..."

"விடு."

விசில் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். அண்ணனே பர்சிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டார், அந்த மனுஷர் வாய் திறந்து கேட்கிற சங்கடம் வேண்டாம் என்று. அண்ணனை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தம்பி பாலத்தில் வண்டியை நிறுத்தி, பெட்டியைக் கால்வாயில் எறிந்தான். தன் ரிமோட்டில் பதிந்திருந்த அந்த விமானத்தின் விவரத்தையும் அழித்தான். அப்போது அவன் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: அண்ணனுக்குத் தெரியக்கூடாது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. லிஃப்டின் மறுபக்கம் கனம் தொங்கவிடுவது அவனுக்கு அன்றாட வேலை; நூற்றுக்கணக்கான கிலோவைக் கணக்குப் பிசகாமல் தொங்கவிட்டவன் முப்பது கிராமில் கோட்டைவிட்டிருந்தான். அதுகூடப் போகட்டும். அந்த இரண்டு ரவுண்டு அவனைத் தூங்கவிடவில்லை. அண்ணன் கை நன்றாக இருந்தது. அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அந்த ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் போனான். பின்னறை கூட்டிப் பெருக்கியிருந்தது. உடைந்த விமானத்தைப் பார்க்கச் சகிக்காமல் அண்ணி அன்றைக்கே பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டிருந்தாள். அண்ணன் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்த நீல அட்டை நோட்டு.

விழுந்த ஒவ்வொரு விமானத்துக்கும் அந்த நோட்டில் ஒரு வரி உண்டு. தேதி, விமானம், காரணம். இருபத்திரண்டு வருஷத்தில் பதினொரு வரி. பசை விட்டது. பேட்டரி. குறுக்குக் காற்று. பறவை, ஒரு தடவை. காரணம் எழுதாமல் அண்ணன் அடுத்த விமானத்தைத் தொடமாட்டார். எழுதிவிட்டால் அதைப் பற்றி மறுபடி பேசவும் மாட்டார். போன வருஷத்திலிருந்து அவர் எழுத்து அவருக்கே புரியாமல் போனதால் எழுதுவது தம்பி.

"வந்துட்டியா? பேனா எடு. தேதி போட்டுக்கோ. காரணம், கை நடுக்கம்."

தம்பி பேனாவை எடுக்கவில்லை. "அண்ணா, அது கை இல்ல."

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். பெட்டி, முப்பது கிராம், வெள்ளிக்கிழமை மதியம், பொத்தான், தானும் தள்ளிப் பார்த்தது. சொல்லும்போது ஒரு தடவை அழுதுவிட்டான். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் கோபத்தில் சிவக்கும் என்று எதிர்பார்த்தான். கோபித்துக்கொள்ள வேண்டும் என்று ஏங்கினான். அண்ணனோ ஏதோ வேடிக்கைக் கதை கேட்பவர்போல மெல்லச் சிரித்தார்.

"சரி, பெட்டி எங்க?"

"கால்வாயில போட்டுட்டேன்."

"ரிமோட்ல இருக்குமே?"

"அழிச்சுட்டேன்."

"டேய்," என்றார் அண்ணன், அவ்வளவு பிரியமாக. "அண்ணி சொல்லி அனுப்புனாளா?"

"இல்லண்ணா! சத்தியமா இல்ல. பில்லு இருக்கு, காட்டுறேன். கடைக்காரனைக் கேளு."

"பில்லு என்னடா பில்லு. எனக்காக நீ கடையையே வாங்கிட்டு வந்து காட்டுவே." அவர் மேஜை ஓரத்தை விட்டார், கை உடனே ஆட ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாரு. பின்னால முப்பது கிராம் இருந்திருந்தா, அன்னைக்கு மைதானத்துல தூக்கினப்போ பின்பக்கம் எறங்கியிருக்கும். எறங்குச்சா? நீதான தூக்கினே? சரியா இருக்குன்னு சொன்னியே."

"அது பொய்ண்ணா. கட்டைவிரலால முட்டுக் கொடுத்தேன்."

"போடா. இப்ப சொல்றது வேணா பொய்யா இருக்கும், எனக்காகச் சொல்றே. எடை பாக்கற விஷயத்துல நீ என்கிட்ட பொய் சொல்லமாட்டே. என் விரல் போனப்புறம் உன் விரலைத்தானே நம்பி எறியச் சொன்னேன்?"

தம்பி தன்னிடம் இருந்த உண்மையையெல்லாம் சொல்லிவிட்டான். அதில் ஒன்றுகூட விலை போகவில்லை. வாசல்படியில் அண்ணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த நன்றியைப் பார்த்ததும் அவனுக்கு அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"அண்ணி, நீங்களாவது நம்புங்க."

"போதும் தம்பி," என்றாள் அவள் மெதுவாக. "நீங்க சொன்னதே போதும்."

அண்ணன் நோட்டை அவன் பக்கம் தள்ளினார். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லடா. விமானம் மேல ஒரு தப்பும் இல்ல, கணக்கு சரி, எடை சரி. கைதான் போச்சு. அது போகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். எழுதிட்டா நிம்மதியா இருப்பேன். எழுது."

"இன்னொண்ணு கட்டலாம்ண்ணா. இதே வரைபடம். ஒரே ஒரு தடவை."

"யார் ஓட்டுறது?"

"நீதான்."

அண்ணன் அதற்குச் சிரிக்கக்கூட இல்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவரது வலது கை மடியில் கிடந்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல், தன் போக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

தம்பி பேனாவை எடுத்தான். பன்னிரண்டாவது வரியில் தேதி போட்டான். இரட்டை இறக்கை என்று எழுதினான். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். கை நடுக்கம், என்று எழுதினான்.

அண்ணன் நோட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நோட்டு ஆடியது, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் கிட்டே என்று பிடித்துப் பார்த்துப் படித்து முடித்தார்.

"எழுத்து அழகா இருக்குடா," என்றார். "ஒரு பிசிறு இல்ல."

நோட்டை மூடித் தம்பியிடமே கொடுத்தார்.